பெல்ட் மாற்றியாச்சு, கடைசிப் பாட்டு இன்னும் முழுசாகப் பாடவில்லை

சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாமே, அந்த ரெக்கார்டு பிளேயருக்கு இப்போது நல்ல விலைக்கழிவு போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா என்று கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் நண்பன் கேட்டான். என்னுடையது பெல்ட் மாற்றி இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 300 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் இந்த ரகப் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். ரெக்கார்டை வைக்க, மோட்டார் ரப்பர் பெல்ட்டால் சுழற்றும் மேடை, ஊசியின் அதிர்வை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் செராமிக் கார்ட்ரிட்ஜ், முன்னால் இரண்டு குட்டி ஸ்பீக்கர். அதற்கு மேல் எதிர்பார்த்து நானும் வாங்கவில்லை.

என்னைப் பாடாய்ப் படுத்துவது ஆட்டோ ஸ்டாப். ஊசிக்கை மையத்தை நெருங்கியதும் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் அமுங்கி மோட்டார் நின்றுவிடும். அது எந்த இடத்தில் அமுங்க வேண்டும் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆனால் எல்லா ரெக்கார்டும் ஒரே இடத்தில் முடிவதில்லையே! பாட்டுகளை நெருக்கி அடைத்த தட்டுகளில் பாட்டு பதிந்த கோடு நடுவிலிருக்கும் லேபிளின் ஓரம் வரை ஓடும். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணம் முடிந்து, பல்லவிக்குத் திரும்பும்போது குரல் திடீரென்று கனக்கும், சுருதி சரசரவென்று இறங்கும், வயலின்கள் எல்லாம் மாடு கத்துவதுபோல் இழுத்துக்கொண்டே அடங்கிவிடும். எத்தனை முறை கேட்டாலும் வயிற்றெரிச்சல்தான்.

அந்த வசதியை அணைத்து வைக்கலாம், உண்மை. அணைத்தால் பாட்டு முடிந்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், ஊசி உள்வட்டத்தில் டக், டக் என்று தேய்ந்துகொண்டே கிடக்கும். நல்ல பிளேயரில் ஊசி தட்டை அழுத்துவது பெரும்பாலும் 2 கிராம் அளவுக்குத்தான். இந்தப் பெட்டிகளில் அதைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். அதனால் பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் ஊசியை எடுக்க ஒருவர் காத்திருக்க வேண்டும்.

பெல்ட் விஷயம் தனி. நம் ஊர்ச் சூட்டில் ரப்பர் தளர்வது இயல்பு. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன் ஒருவர்தான் முதலில் பிடித்தார்: "தம்பி, பாட்டு அரைக்கட்டை இறங்கிப் போச்சு." அரைக்கட்டை இறங்க வேண்டுமென்றால் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். கடைக்காரர் புது பெல்ட் போட்டார், அடியிலிருந்த திருகைத் திருப்பி வேகத்தைச் சரிசெய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோ ஸ்டாப்பைப் பற்றிக் கேட்டால், "இது அப்படித்தான் அண்ணே, செட்டிங்கே அப்படித்தான் வரும்" என்றார். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நல்லதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டி வந்த பிறகு என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சனிக்கிழமை இரவுகள் மாறிவிட்டன. ஒரு பக்கம் ஓடுவது சுமார் 20 நிமிடம். அப்புறம் யாராவது எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பேச்சு தொடங்குகிறது. கைப்பேசியில் கேட்டால் அடுத்த பாட்டு தானாக வந்துவிடும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் அரங்கில் ரஹ்மான் கச்சேரிக்கு எல்லோரும் சேர்ந்துதான் போனோம். அந்தக் கூச்சலில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தக் கச்சேரியைப் பற்றி விவரமாகப் பேசியதே இங்கே, இரண்டு தட்டுகளுக்கு நடுவில்தான்.

அதிகமாக ஓடும் தட்டு 1978இல் வந்த 'ப்ரியா'. இளையராஜா இசையில் தமிழ்ப் படப் பாடல்கள் முதன்முதலில் ஸ்டீரியோவில் பதிவானது இந்தப் படத்துக்குத்தான் என்பார்கள். நமக்கு அதைவிடப் பெருமை, அதில் ரஜினியோடு நடித்த அஸ்னா ஹமிட் நம் நாட்டுக்காரர். 'என்னுயிர் நீதானே' பாட்டில் ஜேசுதாசோடு பாடும் ஜென்சி, நடுவில் மலாயில் பாடுவார். அந்த இடம் வந்ததும் அறையில் யாருமே சும்மா இருக்க மாட்டார்கள், கூடவே பாடுவார்கள். அப்புறம் பேச்சு தானாக மலேசியா வாசுதேவன் பக்கம் திரும்பும். '16 வயதினிலே'யில் 'ஆட்டுக்குட்டி முட்டையிட்டு' பெரிதா, 'முரட்டுக்காளை'யில் 'பொதுவாக என் மனசு தங்கம்' பெரிதா? ஆர்மோனியம் அண்ணன் முதல் கட்சி, என் தங்கை இரண்டாவது கட்சி. ஒருவரும் இறங்கி வந்ததில்லை. நான் அண்ணன் பக்கம். அந்தக் குரலில் இருக்கும் குறும்பை வேறு யார் கொண்டுவந்திருக்க முடியும்?

ஆனால் பாருங்கள், ஸ்டீரியோவுக்குப் பெயர்போன 'ப்ரியா'வை இந்தப் பெட்டியில் கேட்கும்போது அந்த ஸ்டீரியோவே காணாமல் போகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இடது எது, வலது எது? பின்னால் இருக்கும் இணைப்பில் வெளி ஸ்பீக்கரை மாட்டிய பிறகுதான் இசைக்கருவிகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கேட்டன.

என்னுடையதை நான் விற்க மாட்டேன். ஆனாலும் இந்த ரகத்தை வாங்காதே என்றுதான் சொல்வேன், விலைக்கழிவு எவ்வளவு இருந்தாலும். பாட்டைக் கடைசி வரை பாட விடாத கருவிக்கு நல்ல சான்றிதழ் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் சில மாதம் பணம் சேர்த்து, ஊசி அழுத்துவதைக் குறைக்க ஊசிக்கையின் பின்னால் எடையைத் திருகிச் சரிசெய்யக்கூடிய பிளேயராகப் பார். அதுவரைக்கும் பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் தட்டுகளைத் தேடிச் சேர்த்து வை. உறையின் அழகைப் பார்த்து ஏமாறாமல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்திருந்தால் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.