கிண்டியா, பரங்கிமலையா? மெட்ரோவுக்கு எங்கே மாறுவது

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து நடுவழியில் மெட்ரோவுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் கிண்டியில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே பரங்கிமலை இருக்கிறது. நிறைய பேருக்கு அதுதான் தோதான இடம் என்பேன்.

கிண்டியில் கிடைப்பது நீலத் தடம். சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி என்று அண்ணா சாலைக்காரர்களுக்காகவே போட்டது போலப் போகும். ஆபீஸ் அந்தப் பக்கம் என்றால் கிண்டிக்குப் போட்டியே இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு அந்த நடைமேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். வண்டி வந்து நின்றதும் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் இன்னொரு பக்கம், ரயிலைப் பிடிக்க எதிரே இறங்கி வருகிறவர்கள் வேறு, இத்தனை பேருக்கும் நடுவில் புகுந்து மேலே போய், பையை ஸ்கேனரில் போட்டு எடுத்து, நடைமேடைக்குப் போனால் விமான நிலையத்திலிருந்து வருகிற 4 பெட்டி வண்டியில் உட்கார இடம் கிடைப்பது சந்தேகம்தான்.

பரங்கிமலை அப்படியில்லை. பச்சைத் தடம் அங்கேதான் தொடங்குகிறது, அதனால் வண்டி காலியாக நிற்கும், ஏறியதும் உட்காரலாம். ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், அண்ணா நகர் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இங்கே இறங்கலாம். கிண்டியில் இறங்கி வடபழனி போகிறவர் என்ன செய்கிறார்? வந்த திசையிலேயே ஆலந்தூருக்குத் திரும்பிப் போய் அங்கே இன்னொரு தடவை வண்டி மாறுகிறார். நேரமும் போச்சு, காசும் போச்சு.

வேளச்சேரிப் பறக்கும் ரயிலை இதே பரங்கிமலையோடு இணைக்கிற வேலை 2008இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக இழுத்தடித்தது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சென்ட்ரலுக்குப் போகப் பரங்கிமலையில் மாறாதீர்கள். பச்சைத் தடமும் அங்கேதான் முடிகிறது, ஆனால் கோயம்பேடு, அண்ணா நகர் எல்லாம் சுற்றிக்கொண்டு போகும். கையில் பெட்டி இல்லையென்றால் மின்சார ரயிலிலேயே பார்க் ஸ்டேஷன் வரை போய் இறங்கி ரோட்டைக் கடந்தால் சென்ட்ரல். பெட்டி படுக்கையோடு அந்தச் சுரங்கப்பாதைப் படிகள் கஷ்டம், அப்போது மட்டும் கிண்டி மெட்ரோ. எழும்பூருக்கும் மாம்பலத்துக்கும் மாறவே வேண்டாம்.

காசுக் கணக்கும் இருக்கிறது. சாதா வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், தாம்பரத்திலிருந்து பீச் வரைக்குமே 10 ரூபாய்தான். மெட்ரோ 10இல் தொடங்கி 50 வரை போகும். 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயிலில் குறைந்தபட்சமே 35, அதுவும் நாளுக்குச் சில நடைதான். நேரம் பார்த்து வைத்துக்கொண்டால் மட்டும் உதவும்.

அண்ணா சாலைக்கும் உட்கார்ந்துகொண்டுதான் போக வேண்டும் என்பவர்கள் திரிசூலத்தில் இறங்கி, ஜிஎஸ்டி சாலையைத் தாண்டி விமான நிலைய மெட்ரோவில் ஏறலாம். கட்டணம் கொஞ்சம் கூடும், இடம் நிச்சயம்.

சாயங்காலம் திரும்பும்போது மட்டும் பரங்கிமலை கைவிடும். கிண்டியிலேயே நிரம்பி வழிகிற தாம்பரம் வண்டிதான் அடுத்து அங்கே வரும். குரோம்பேட்டை வரை, அஞ்சு ஸ்டேஷனும் நின்றுகொண்டுதான்.