தாத்தா தலையில் பஞ்சு எங்கே?

புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவில், என் அப்பாவின் தாத்தா படத்தைச் சரிசெய்யக் கொடுத்தேன். சவானா மில்லில் நூற்பில் வேலை பார்த்தவர். அவருக்கென்று இருப்பது இந்த ஒரே படம்தான்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. வேறு இரண்டு கடைகளில் பிரித்துப் பார்க்கிறோம் என்று கையை வைத்தார்கள், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே இருக்கிற பையன் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்தான். "இழுத்தா முகம் கண்ணாடியோட போயிடும்க்கா." அந்த ஒரு வார்த்தைக்கே காசு கொடுக்கலாம்.

ஆறு நாளில் பிரிண்ட் வந்தது. பளிச்சென்று இருந்தது. அத்தையிடம் காட்டினால், "இது யாரு? தாத்தா தலையில பஞ்சு எங்கடி?" என்கிறார்.

அப்புறம்தான் புரிந்தது. தலை, மீசை, தோள் என்று எங்கும் இருந்த வெள்ளைப் புள்ளிகளைப் பூஞ்சை என்று நினைத்து, பையன் ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறான். அவ்வளவும் மில் பஞ்சு!

1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். மறுவருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதுவரை இருட்டில் போய் இருட்டில் திரும்பியவர், வெயில் இருக்கும்போதே மில்லை விட்டு வெளியே வந்த புதிதில் எடுத்துக்கொண்ட படமாம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரக்கூடப் பொறுக்கவில்லை மனுஷனுக்கு. அத்தைக்கு அவரே சொன்னது இது.

திரும்பப் போய்ச் சொன்னேன். பையன் முகம் சுளிக்கவில்லை. பழைய ஸ்கேனைத் திறந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, புள்ளி புள்ளியாகக் கேட்டான். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, தலைமுடியில் கொத்தாக நின்றால் பஞ்சு என்று பிரித்தோம். இரண்டு மணி நேரம். சட்டைக் காலரில் இரண்டு இடம் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

1,400 ரூபாய். இரண்டாவது பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. ஃபிரேம் மட்டும் அங்கே போடாதீர்கள், எல்லாம் தங்கக் கலர் பிளாஸ்டிக். வாட்ஸ்அப்பில் பதில் வராது, நேரில்தான் போகவேண்டும். போகும்போது வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

முதல் பிரிண்டைத் தூக்கிப் போட மனசில்லை. "அதுவும் இருக்கட்டும், குளிச்சுட்டு வந்திருக்காரு" என்று அத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.