"ரெடி சார்" என்று கடையில் சொன்னதும் புது ரோடு பைக்கை ஈசிஆருக்கு எடுத்துப் போகாதீர்கள்

புதிதாக ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான கியர் சைக்கிள்) வாங்கப் போகிறவர்கள், அதிலும் வாங்கிய மறுநாளே ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்வரலாம் என்று ஆசையோடு இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் ஒரு கடையில் 60,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து நான் வாங்கிய பைக், முதல் லாங் ரைடில் முட்டுக்காடு பாலத்திலேயே கியர் உடைந்து, பின் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. பைக்கில் குறையில்லை. அதைப் பூட்டிக் கொடுத்த விதத்தில்தான் குறை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலில் ஒரு விஷயம். ரோடு பைக் கம்பெனியிலிருந்து அட்டைப் பெட்டியில் வரும்போது முழுசாக வராது. முன் சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் எல்லாம் தனியாக இருக்கும். கியர், பிரேக் கேபிள்கள் ஏதோ ஓர் அளவில் மாட்டியிருக்கும். ஒவ்வொரு போல்டையும் சரிபார்த்து, கியரை டியூன் செய்து, ஓட்டத் தகுந்த நிலையில் தருவது கடை மெக்கானிக்கின் பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். என் பில்லில் இதற்கென்றே "அசெம்ப்ளி சார்ஜ்" 1,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

சனிக்கிழமை மாலை டெலிவரி. "காலையில மகாபலிபுரம் வரைக்கும் போறேன், எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஃபுல் ரெடி சார், பாண்டிச்சேரி வரைக்கும்கூட தாராளமா போங்க" என்று பதில் வந்தது.

ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து நானும், பல வருடமாக ஓட்டும் நண்பர் ஒருவரும் கிளம்பினோம். நீலாங்கரை தாண்டும்போதே ஹேண்டில்பார் பக்கம் ஒரு சின்ன டக் டக் சத்தம். பனையூர் அருகே சாலையில் ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. அதில் இறங்கி ஏறியதும் ஹேண்டில்பார் அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து சுழன்றது. கை நழுவி, ஹேண்டில்பாரைப் பைக்கோடு இணைக்கும் ஸ்டெம்மில் நெஞ்சு இடித்தது. விழாமல் தப்பியது அந்த நேரத்தில் அருகில் வண்டி எதுவும் இல்லாததால்தான். நண்பர் ஆலன் கீயை எடுத்து ஸ்டெம்மின் முன்தட்டில் இருந்த நான்கு போல்டுகளில் வைத்தார். நான்குமே பலமில்லாமல் சுற்றின. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த நான்கு போல்டுகள்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஸ்டெம்மிலேயே அச்சடித்திருக்கும். என்னுடையதில் 5 என்எம் (நியூட்டன் மீட்டர்). இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கினால் அரை நிமிட வேலை.

அங்கேயே நண்பர் அவற்றை இறுக்கிவிட்டு, பிரேக், பெடல், சக்கரம் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. கியர் அதுவரை ஒழுங்காக மாறிக்கொண்டிருந்ததால் அதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. சமமான சாலை, பின் சக்கரத்தின் பெரிய பல்லுக்கு (ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரம்) போகும் தேவையே வராமல் உத்தண்டி, கானத்தூர் வரை போய்விட்டோம்.

முட்டுக்காடு பாலத்தில் லேசான ஏற்றம். கடற்காற்று எதிரே தள்ளியது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றினேன். பின்னாலிருந்து தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். செயின் பெரிய பல்லையும் தாண்டி உள்ளே விழுந்து, செயினைப் பல் மாற்றித் தரும் டெரெய்லர், பின் சக்கரத்தின் ஸ்போக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பின் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொண்டது. புதுச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை ஒட்டி ஒதுங்கிப் போனது. இறங்கிப் பார்த்தால், டெரெய்லரைப் பைக்கோடு பிடித்திருக்கும் ஹேங்கர் இரண்டாக உடைந்திருக்கிறது, டெரெய்லர் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஸ்போக்குகளில் சில அறுந்தும் சில வளைந்தும் கிடக்கின்றன. ஒரு டாடா ஏஸைப் பிடித்துப் பைக்கை ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன்.

இதைவிட மோசமானது மறுநாள் கடையில் நடந்தது. பைக்கைப் பார்த்த ஐந்தாவது நிமிடம், "கீழ போட்டுட்டீங்க சார்" என்றார் முதலாளி. இல்லை என்றதும், "அப்போ கியரைத் தப்பா போட்டிருப்பீங்க, புதுசா ஓட்டுறவங்க இப்படித்தான்" என்றார். ஹேங்கருக்கு வாரண்டி கிடையாது, டெரெய்லர், ஸ்போக், செயின், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் வரும் என்றார். ஸ்டெம் போல்டு கழன்றிருந்ததைப் பற்றிக் கேட்டால், "ஓட்ட ஓட்ட லூஸ் ஆகும் சார், அதுக்குத்தான் ஒரு மாசத்துல ஃப்ரீ சர்வீஸ்" என்கிறார். கேபிள் முதல் சில வாரங்களில் கொஞ்சம் தளரும், அது உண்மை. ஸ்டெம் போல்டு 20 கிலோமீட்டர்கூட ஓடாமல் தானாகக் கழலாது.

கீழே விழுந்த பைக் என்றால் அடையாளம் இருக்கும். பிரேக் லீவரின் வெளிப்பக்கம், பெடலின் முனை, டெரெய்லரின் வெளிமுகம், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது சிராய்ப்பு இல்லாமல் போகாது. என் பைக்கில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல வெளிச்சத்தில் மூன்றையும் அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அந்த அண்ணன் செய்ததை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. பின் டெரெய்லரில் ஹெச், எல் என்று இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்பதை ஹெச் நிறுத்தும். உள்ளே ஸ்போக் பக்கம் எவ்வளவு போகலாம் என்பதை எல் நிறுத்தும். எல் ஸ்க்ரூ சரியாக வைத்திருந்தால், நீங்கள் கியரை எவ்வளவு மோசமாகப் போட்டாலும் டெரெய்லர் பெரிய பல்லைத் தாண்டிப் போகவே முடியாது. அதற்காகத்தான் அந்த ஸ்க்ரூவே இருக்கிறது. அவர் புது ஹேங்கர் ஒன்றைப் பொருத்தி, ஸ்க்ரூ எதையும் தொடாமல் அதே டெரெய்லரை மாட்டினார். டெரெய்லரில் செயின் ஓடும் கூண்டுதான் வளைந்திருந்தது, அதன் உடம்பு நன்றாக இருந்தது. கையால் உள்பக்கம் தள்ளினார். பெரிய பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டியது, அதைத் தாண்டி ஸ்போக்கைத் தொட்டது. எல் ஸ்க்ரூ வைத்து நிறுத்தவே இல்லை. முழுவதையும் வீடியோ எடுத்து, என்ன பார்த்தார் என்று அவருடைய கடை லெட்டர்பேடில் எழுதியும் வாங்கினேன். டயரைக் கழற்றியபோது, ஸ்போக் துளைகளை மூடியிருக்க வேண்டிய ரிம் டேப்பும் ஓரமாக நகர்ந்து துளைகள் தெரிந்தன. டியூப் உள்பக்கமாக வெடிப்பதற்கு அதுவே போதும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், கடையிலேயே, உங்கள் கண் முன்னால் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிக் காட்டச் சொல்லி, பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். அப்புறம் பைக்கைத் தூக்கிவைத்து, பெடலைச் சுற்றியபடி எல்லா கியரையும் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஸ்டெம் போல்டுகளை டார்க் ரென்ச்சால் இறுக்குவதைப் பாருங்கள். டார்க் ரென்ச் இல்லாத கடை என்றால் ரோடு பைக்கை அங்கே வாங்கவே வேண்டாம் என்பேன். ஹேண்டில்பாரில் இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்துங்கள், துளியும் சுழலக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்துப் பகுதியில் டொக் டொக்கென்று அடித்தால் அங்கிருக்கும் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தளர்வாக இருக்கிறது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. அவசரத்தில் மாற்றி முறுக்கினால் பெடல் மாட்டும் கிராங்க்கே வீணாகிவிடும், அதனால் அதைக் கையால் சுற்றி ஏற்றுகிறார்களா என்று கவனியுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முதல் இரண்டு மூன்று ரைடு வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகு ஈசிஆருக்குப் போங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பில், வாட்ஸ்அப் செய்தி, படங்கள் எதையும் அழிக்காதீர்கள். உடைந்த பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்கவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கால அளவு குறிக்காத பட்சத்தில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பூட்டுவதற்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தால் அது சேவைக் குறைபாடும்கூட. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

நான் கடைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அதுவரை போனையே எடுக்காதவர்கள் அன்று மாலையே அழைத்து, "பாதிச் செலவை நாங்க ஏத்துக்கிறோம் சார், இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்கள். முழுச் செலவும் வேண்டும், அதையும் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். பதில் வராததால் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். வேறு கடைகளில் இதே மாதிரி எல் ஸ்க்ரூ வைக்காமல் பைக் வாங்கி, "நீங்கதான் உடைச்சீங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். வீடியோ எப்படி எடுப்பது, மெக்கானிக்கிடம் என்னவெல்லாம் எழுதி வாங்குவது என்று சொல்கிறேன்.