சேசருக்கு எந்தக் கியர் பொக்ஸ்?

ஓட்டோ கியரோடு வந்த டொயோட்டா சேசர் காரை மெனுவலாக மாற்றி டிரிஃப்ட் (பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டுவது) பழகலாம் என்று இறங்கியபோது, ஹட்டன் கராஜில் பாஸ் கேட்ட முதல் கேள்வி இது: "தம்பி, உடையாத பொக்ஸ் வேணுமா, வெட்டாம உள்ள போற பொக்ஸ் வேணுமா?"

சேசரின் 1ஜேஇஸட் டர்போ எஞ்சினுக்குப் பின்னால் மாட்ட வழக்கமாகப் பேச்சில் வருபவை மூன்று: டொயோட்டாவின் டபிள்யூ58, ஆர்154, அப்புறம் நிசான் 350இஸட்டின் சிடி009.

டபிள்யூ58, டர்போ இல்லாத சுப்ராவில் வந்த ஐந்து கியர். எடை குறைவு, விலை குறைவு, கைக்கு இதமாக விழும். ஆனால் 1ஜேஇஸட்டின் 380 நியூட்டன் மீட்டர் டோர்க்கை வைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்துச் சட்டென்று விட்டு, அதாவது கிளட்ச் கிக் அடித்தால் மூன்றாம் கியர் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். டர்போ இல்லாதவர்கள் தாராளமாகப் போடலாம். எனக்கு வேண்டாம்.

ஆர்154 மெனுவல் சேசருக்கு டொயோட்டாவே போட்ட பொக்ஸ். வெட்டுக்கொத்து இல்லாமல் உட்காரும். சிடி009இல் எஞ்சினோடு சேரும் கூடு பொக்ஸின் உடம்போடு ஒன்றாக வார்த்தது. அதை அறுத்து அடாப்டர் தட்டு வைக்க வேண்டும், கியர் லீவரின் இடத்தைச் சரிசெய்ய வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். எடையும் கூட. ஆனால் உள்ளே போய்விட்டால் கல்லு. ஆர்154 பலமானதுதான், என்றாலும் உயர்ந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) அவசரப்பட்டு மாற்றினால் முரண்டு பிடிக்கும். உள்ளே கியரை இடம் விலகாமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் பழுதாவது அதன் தெரிந்த நோய்.

இதுவரை சொன்னது கொழும்பிலும் பொருந்தும். மலையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ அதை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், கொஞ்சம் தாமதித்து வரும். எஞ்சின் ஆர்பிஎம் விழுந்துவிட்டால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும், டிரிஃப்ட் அங்கேயே முடிந்துவிடும். அதனால் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டாம், மூன்றாம் கியரின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். எண் கூடினால் அதே வேகத்தில் எஞ்சின் கூடச் சுற்றும்.

ஆர்154இல் அவை 1.955, 1.310. சிடி009இல் 2.324, 1.624. 4.1 டிஃப் (பின் அச்சின் கியர் விகிதம்), 225/45 17 டயர், 6,500 ஆர்பிஎம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சக்கர வேகம் ஆர்154இல் இரண்டாம் கியரில் சுமார் 97 கிலோமீட்டர், மூன்றாமில் 144. சிடி009இல் 81, 116. நமக்குக் கிடைக்கும் பூட்டிய மைதானங்கள் சின்னவை. அங்கே ஆர்154இன் மூன்றாம் கியருக்கு வேலையே இல்லை. இரண்டாமிலும் பூஸ்ட் விழாமல் காலால் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நண்பரின் சிடி009 காரில் இரண்டாமிலிருந்து மூன்றாமுக்குத் தட்டியபோது ஆர்பிஎம் 4,500க்குக் கீழே இறங்கவேயில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அப்படியும் நான் ஆர்154தான் எடுத்தேன். மீதிக் காசு டயருக்கு வேண்டும். பழகுகிறவனுக்கு டயர்தான் சோறு. விகிதக் குறையை டிஃப்பை 4.3 ஆக்கிக் கொஞ்சம் சரிக்கட்டலாம். இரண்டாம் கியர் 92 கிலோமீட்டருக்கு இறங்கும். காசுக்குக் கவலை இல்லாதவர், 400 குதிரைச் சக்திக்கு மேல் போக நினைப்பவர், முதலிலேயே சிடி009க்குப் போய்விடுவது நல்லது. இரண்டு தடவை செலவழிப்பதைவிட அது மலிவு.

பழைய பொக்ஸ் வாங்கும்போது ஒயிலை வடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். முதலில் நான் கொண்டுவந்த ஆர்154ஐ விற்றவர் "ஓடாத பொக்ஸ், புதுசு மாதிரி" என்றார். கராஜில் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் ஒயிலில் நகைக் கடை மாதிரித் தங்கத் தூள் மின்னியது. கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையம் கரைந்த தூள். பாஸ் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்க மூன்று தடவை பஸ் ஏறினேன்.

இப்போது இருக்கும் பொக்ஸ் நல்லது. ஒரே ஒரு வம்பு: ஜனவரிக் குளிரில் காலையில் இரண்டாம் கியர் விழாது. ஒயில் சூடேறப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை முதலிலிருந்து நேரே மூன்றாமுக்குத் தட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்குகிறேன்.