நூறா, ஐநூறா? கண் தெரியாமல் நோட்டை அடையாளம் காணும் வழிகள்

பார்வை இழந்தவர்களுக்கான உதவி என்றாலே வெள்ளைக் கைத்தடி, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் செல்போன் வாசிப்பான் என்றுதான் பேச்சு போகிறது. மளிகைக் கடையில் வாங்கிய மீதி நூறா ஐநூறா என்று தானே தெரிந்துகொள்வது அவற்றுக்குச் சற்றும் குறையாத தேவை. பர்ஸைத் திறந்து நீட்டி, "நீங்களே எடுத்துக்கோங்கண்ணே" என்று தினமும் சொல்லவேண்டியிருப்பது பெரிய வேதனை. இதற்குள்ள வழிகளில் எது எங்கே கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பார்ப்போம்.

முதல் வழி, நோட்டிலேயே இருக்கும் தடவல் குறி. இப்போதைய வரிசை நோட்டுகளில் இரு ஓரங்களிலும் மேடான சாய்கோடுகள் உண்டு. நூறில் 4 கோடு. இருநூறிலும் 4, ஆனால் இடையில் இரண்டு வட்டம். ஐநூறில் 5. பத்து, இருபது, ஐம்பதில் இப்படி எதுவும் கிடையாது. வங்கியிலிருந்து வந்த புது நோட்டில் நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும். நாலு மாதம் மீன் சந்தையில் சுற்றிய நோட்டில் கோடு தேய்ந்து வழவழவென்று இருக்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: சர்க்கரை நோயால் பார்வை போனவர்களில் பலருக்கு விரல் நுனியும் மரத்துப்போயிருக்கும். "தடவிப் பாருங்க, தெரியும்" என்று அவர்களை வற்புறுத்துவது நியாயமே இல்லை.

கோடு தேய்ந்தாலும் நீளம் தேயாது. பத்து 123 மி.மீ., இருபது 129, ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐநூறு 150. கவனித்தீர்களா? சின்ன நோட்டுகளுக்கிடையே 6 மி.மீ. வித்தியாசம், ஏமாந்தால் அதிகம் இழக்கும் பெரிய நோட்டுகளுக்கிடையே வெறும் 4. இது எனக்குப் புரியாத ஏற்பாடு. போதாததற்குப் பழைய வரிசையில் நூறு வரையிலான நோட்டுகளும் செல்லும். பழைய நூறு 157 மி.மீ., அதாவது இன்றைய ஐநூறை விட நீளம். ஆனால் அதன் அகலம் 73. புதியது 66 தான். ஆகவே நீளத்தை மட்டும் நம்பாமல் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தடித்த அட்டையில் இந்த அளவுகளை வெட்டி வைத்துக்கொண்டால் வீட்டில் சரிபார்க்கலாம். கடை வாசலில் அதற்கு நேரம் இருக்காது.

செல்போன் வழி இரண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி இலவசம். இணையம் இல்லாமலே நோட்டின் மதிப்பைச் சொல்லும். பாதியாக மடிந்த நோட்டையும் கண்டுகொள்ளும், அதிர்வாகவும் தெரிவிக்கும். கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. 2015-இல் டென்மார்க்கிலிருந்து வந்த 'பி மை ஐஸ்' செயலியில், முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் வீடியோ வழியே பார்த்துச் சொல்வார். மருந்துச் சீட்டு, பால் பாக்கெட் தேதி எல்லாவற்றுக்கும் அது அருமையான துணை. பணத்துக்கு நான் 'மணி'யையே சொல்வேன்: யாரிடமும் பர்ஸைக் காட்டவேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆனால் ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் போன் என்றால் நோட்டை எந்தக் கையால் பிடிப்பது? பின்னால் வரிசை நிற்கும்போது இது நடக்காது. வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை.

அதனால்தான் மடிப்பு முறைக்கு என் ஓட்டு. காலையில் நிதானமாக, செயலியிலோ வீட்டார் உதவியிலோ ஒருமுறை பிரித்துவிடுங்கள். பிறகு ஐம்பது மடிப்பில்லாமல், நூறு குறுக்கே ஒரு மடிப்பு, இருநூறு குறுக்கே இரண்டு, ஐநூறு நீளவாக்கில் ஒன்று. பத்தும் இருபதும் சட்டைப் பையில் தனியாக. எந்த முறையானாலும் சரி, அதை மாற்றவே கூடாது. வீட்டார் பர்ஸில் கைவைத்தால் அதே மடிப்பில் திருப்பி வைக்கவேண்டும். செலவே இல்லாத இந்த வழியில் பேட்டரி தீராது, விரல் மரத்தவருக்கும் மடிப்பு பிடிபடும். குறை ஒன்றுதான்: மீதியாக வரும் நோட்டு மடிந்து வராது. "ஒவ்வொண்ணா சொல்லிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, வேறொரு பையில் போட்டு, வீட்டில் சரிபார்க்கலாம். இயன்றவரை சரியான தொகையையே கொடுங்கள்.

மீதியே வேண்டாம் என்பவர்களுக்கு யுபிஐ இருக்கிறது. கியூஆர் அட்டைக்கு நேராக கேமராவைப் பிடிப்பது கண் தெரியாதவருக்குப் பெரும்பாடு. கடைக்காரரின் போன் எண்ணுக்கு அனுப்புவது எளிது. வாசிப்பான் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடும் என்பதால், ரகசிய எண்ணை அழுத்தும்போது காதில் இயர்போன் இருக்கட்டும். சிறு தொகைக்கு அந்த எண்ணே கேட்காத யுபிஐ லைட் உண்டு. கடையில் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. பார்வையற்றவர் கடை நடத்தினால் அது இல்லாமல் உட்காரவே வேண்டாம் என்பேன். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த '123பே' இருக்கிறது. சிக்னல் போனால் எல்லாமே நின்றுவிடும் என்பதால் குறைந்தது இரண்டு மடித்த நோட்டாவது எப்போதும் பையில் இருக்கட்டும்.

நாணயத்தில் சிக்கல் குறைவு. 2019-இல் வந்த வரிசையில் 1, 2, 5, 10 ரூபாய்கள் படிப்படியாகப் பெரிதாகும். இருபது ரூபாய் நாணயம் வட்டமில்லை, அதன் விளிம்புக்கு 12 பக்கம். குறியே இல்லாத பத்து ரூபாய்த் தாளைவிடப் பத்து ரூபாய் நாணயம் எவ்வளவோ மேல். "இது செல்லாது" என்று நம்மூர்க் கடைகளில் இன்னும் சிலர் திருப்பித் தருகிறார்கள். அது செல்லும், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.