4.10 என்று சொல்லி 3.42-ஐத் தலையில் கட்டினார்கள்: இழுவைக்கு டீசல் பிக்கப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ட்ரெய்லர் இழுப்பதற்கென்றே ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், ஃபோர் வீல் டிரைவ். விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அதை ஓட்டும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) என்ன என்பதுதான். "4.10 சார். மலையைக் கட்டிவிட்டாலும் இழுக்கும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, பின் ஆக்ஸில் நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் என்ற கியர் பெட்டியின் மூடி போல்ட்டில் மாட்டியிருந்த சின்னத் தகரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். 4.10 என்று தெளிவாகக் குத்தியிருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தகரம் வேறு வண்டியுடையது. என் வண்டிக்குள் இருந்தது 3.42.

டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பல்லின் எண்ணிக்கையை, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10; அதே 41-ஐ 12-ஆல் வகுத்தால் 3.42. பினியனில் இரண்டே பல்தான் கூடுதல். ஆனால் அதே கியரில், 3.42-ஐ விட 4.10 சக்கரத்துக்குச் சுமார் 20 சதவீதம் அதிக இழுவிசையைக் கொடுக்கும்.

காலி வண்டியில் எதுவுமே தெரியவில்லை. டீசலுக்குக் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே நல்ல டார்க் வந்துவிடும், அதனால் சுகமாகத்தான் ஓடியது. 7 டன் ட்ரெய்லரை மாட்டி ஏற்றத்தில் ஏறிய அன்றுதான் வண்டி திணறியது. டாப் கியர் போடும், இறங்கும், மறுபடியும் போடும், மறுபடியும் இறங்கும். கியர் பாக்ஸ் சூடு முள் ஏறிக்கொண்டே போனது. ஏற்றத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இறக்கம்தான் பயமுறுத்திவிட்டது. இன்ஜின் சுற்று குறைவாக இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் பிரேக்) பலமே இருக்காது. நானே கியரைக் குறைத்திருக்க வேண்டும்; 4.10 இருக்கிறது, தாங்கிவிடும் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டேன். பாதி தூரம் கால் பிரேக்கிலேயே இறங்கினேன். கீழே நிறுத்தியபோது சக்கரத்தருகே கருகல் வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி இறங்கிப் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் பேசவில்லை.

சந்தேகம் வந்தது ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்துத்தான். என் டயர் 32 இஞ்ச், டாப் கியரின் விகிதம் 0.63. 4.10 இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் 1,690 சுற்று அளவில் காட்ட வேண்டும். முள் 1,400-ஐ ஒட்டியே நின்றது.

அப்புறம்தான் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சமதளத்தில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தேன். கியர் நியூட்ரல், டூ வீல் டிரைவ், ஹேண்ட் பிரேக் விடுவித்தாயிற்று. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, கியர் பாக்ஸ் பக்கமிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இருந்தால் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ஒரு சுற்று சுற்றினால் போதும்.) நாலு தாண்டிக் கொஞ்சம் போக வேண்டிய ஷாஃப்ட், மூன்றரைக்கே வராமல் நின்றது. மூன்று முறை எண்ணினேன். பிறகு மூடியைக் கழற்றிப் பார்த்தால் கிரவுன் வீலிலேயே 41-12 என்று குத்தியிருக்கிறது. கதவோரத்து ஸ்டிக்கரில் இருந்த ஆக்ஸில் குறியீடும் அதையேதான் சொன்னது; அதைப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை.

விற்றவரைக் கேட்டேன். "தகரத்தில் இருந்ததைத்தானே சார் சொன்னேன்? வண்டி ஓடுகிறதா இல்லையா?" என்றார். விற்பனைச் சீட்டில் ரேஷியோ பற்றி ஒரு வரி கிடையாது, அதனால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கையேட்டில் இழுவை வரம்பு ரேஷியோ வாரியாகப் போட்டிருக்கும். 4.10-க்கான வரிசையைப் பார்த்து எடை ஏற்றிய நான், 3.42-இன் வரம்பைத் தாண்டியே ஓட்டியிருக்கிறேன். அவர் சொன்ன பொய்யில் உயிரே போயிருக்கும்.

3.42 மோசமான ரேஷியோ இல்லை. ராம் ஹெவி டியூட்டி பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் இன்ஜினுக்கு 3.42, 3.73, 4.10 எல்லாமே கம்பெனியிலேயே வந்திருக்கின்றன. பெரும்பாலும் காலியாக, நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு 3.42 சரிதான். நாள்தோறும் பெரிய லோடும் மலைப்பாதையும் என்றால் 4.10. எனக்கு நடுவில் உள்ள 3.73 போதும் என்று முடிவு செய்தேன். டயர் பெரிதாக்கியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 32 இஞ்சிலிருந்து 35-க்குப் போனால் 3.73 கிட்டத்தட்ட 3.41 போலத்தான் வேலை செய்யும்.

மாற்றப் போன இடத்திலும் ஏமாறப் பார்த்தேன். முதல் ஒர்க்‌ஷாப்பில் "பின்னாடி மட்டும் மாற்றிவிடலாம், ஃபோர் வீல் போடாமல் ஓட்டுங்கள்" என்றார்கள். முன்னும் பின்னும் ரேஷியோ வேறுபட்டால், பிடிப்புள்ள சாலையில் ஃபோர் வீல் போட்டதுமே முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் இரண்டு ஆக்ஸிலையும் ஒழுங்காக மாற்றினார்கள், பல் படியும் தடத்தைச் சாயம் தடவிக் காட்டினார்கள், ஸ்பீடோமீட்டரையும் திருத்தினார்கள். முதல் 800 கிலோமீட்டர் லோடு மாட்டாமல் ஓட்டி, ஆயில் மாற்றிய பிறகே ட்ரெய்லரைத் தொட்டேன். ஆன செலவு முழுக்க என் கையிலிருந்துதான்.

இப்போது அதே ஆள் இன்னொரு டீசல் பிக்கப்பை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். "4.10, இழுவைக்கு ஏற்றது" என்று அதே வாசகம், போட்டோவில் மூடி போல்ட்டில் ஒரு தகரமும் தெரிகிறது. பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஜாக்கியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். சக்கரத்தைத் தூக்கவே விடமாட்டேன் என்று சொன்னால், அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.