420 சதுர அடி, ஐந்து வருடம்: எது நின்றது, எது கழன்றது

கட்டிலின் மேல் பலகையைத் தூக்கினால் இப்போது அது நிற்பதில்லை. தலையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுத் துழாவித்தான் ஒரு போர்வையை எடுக்கிறேன். வாங்கிய புதிதில் இரண்டு விரலால் தொட்டாலே தானாக மேலே போய் நின்ற கட்டில் இது. வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டியிருக்கிறேன், ஏதோ நானே கண்டுபிடித்தது மாதிரி.

இந்த வீட்டில் உள்ள சாமான்களில் பாதியை, பெட்டி பிரித்த சூட்டோடு எழுதப்பட்ட மதிப்புரைகளைப் படித்துத்தான் வாங்கினேன். பிரித்த அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐந்து வருடம் தேய்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இது.

வீடு 420 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை, ஒரு குளியலறை. நாங்கள் இருவர். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வாடகை வீடு என்பதால் இடிப்பது, கட்டுவது எல்லாம் கிடையாது. டிரில் போடலாம், காலி செய்யும்போது ஓட்டைகளை அடைத்துக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

முதலில் கட்டிலை முடித்துவிடுகிறேன். ஹைட்ராலிக் கட்டில் என்று பெயரே தவிர, பலகையைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு தண்டுகளுக்குள்ளும் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. வருடங்கள் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இதோடு நான் செய்த தவறும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் வருடம் மெத்தையை மாற்றினோம். பழையதைவிடக் கனமான மெத்தை. தண்டின் மேல், அது எவ்வளவு விசையோடு தூக்கும் என்று நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது பலகை, மெத்தை இரண்டின் எடைக்கும் பொருந்த வேண்டும். அதை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மெத்தைக்கென்று வந்த தண்டு புது மெத்தையைச் சுமந்து சுமந்து களைத்துவிட்டது. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக நிற்கும்.

இன்னொன்று, மெத்தைக்கடியில் துளையில்லாத முழுப் பலகையாக இருந்தால் அங்கே ஈரம் தங்கும். எங்கள் கட்டிலில் அப்படித்தான் இருந்தது. முதல் மழைக்காலத்திலேயே மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை. பலகையில் வரிசையாகத் துளை போட்டு, வாரம் ஒரு முறை மெத்தையைச் சாய்த்து நிறுத்திக் காற்றாட விட்டதும்தான் நின்றது.

கட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயம் ஆனால் வேறு. முதலில் தினமும் தேவைப்படும் விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். ஒரு துண்டு எடுக்க: தலையணைகளை நகர்த்து, போர்வையைச் சுருட்டு, பலகையைத் தூக்கு, எடு, இறக்கு, மறுபடி எல்லாவற்றையும் விரி. இரண்டே மாதத்தில் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து படுக்கையறை நாற்காலிமேல் குடியேறிவிட்டன. அந்த நாற்காலி எல்லார் வீட்டிலும் உண்டு. உட்காருவதற்கென்று வாங்கி, ஒருநாளும் யாரும் உட்காராத நாற்காலி.

அன்றிலிருந்து எந்தச் சாமானைப் பார்த்தாலும் எத்தனை அசைவு என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. ஒரு பொருளை எடுக்க, குறிப்பாகத் திருப்பி வைக்க, எத்தனை தடவை கை போக வேண்டியிருக்கிறது? ஓர் அசைவு என்றால் அந்த ஏற்பாடு ஐந்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கிறது. இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்றுக்கு மேல் போனால், எவ்வளவு இடம் மிச்சமாகிறது என்று சொன்னாலும் எனக்கு வேண்டாம். எடுப்பதற்குக்கூட மனிதர் சிரமப்பட்டுவிடுவார், தேவை இருக்கிறது அல்லவா. திருப்பி வைக்கத்தான் சோம்பல். இப்போது கட்டிலுக்குள் இருப்பவை வருடத்துக்கு இரண்டு தடவை தேவைப்படுகிறவை மட்டும்: விருந்தினர் மெத்தை, பெட்டிகள், குளிர் உடைகள்.

குளிர் உடை என்றதும் நினைவு வருகிறது, காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வாக்கியூம் பைகள். பத்துப் பை வாங்கினேன். மூன்று மாதத்தில் ஏழு பை உப்பிவிட்டது. வால்வு வழியாகவும் ஜிப் ஓரத்திலும் காற்று உள்ளே போய்விடுகிறது. பயணத்துக்கு நல்ல சாமான். மாதக்கணக்கில் வைக்க லாயக்கில்லை. இறகு அடைத்த ஜாக்கெட்டை அதில் நெடுநாள் நசுக்கி வைத்தால் அதன் உப்பலும் கதகதப்பும் குறைந்துபோகும்.

துணி அலமாரி என் பெரிய முட்டாள்தனம். வாங்குவதற்கு முன்னால் எல்லாச் சாமானின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டித் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தோம். ரொம்ப நல்ல யோசனை, இப்போதும் எல்லாருக்கும் சொல்கிறேன். நடந்து போகக் குறைந்தது 60 சென்டிமீட்டர் வழி வேண்டும், நாற்காலியை இழுத்து எழுந்திருக்க 75-க்கு மேல் வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தை மிதித்துத்தான் புரிந்தது. அந்தக் காகிதத்தில் 60 சென்டிமீட்டர் ஆழ அலமாரி வழியை அடைத்தது. 45 வாங்கினோம். வழி தாராளம். வந்து சேர்ந்தபிறகு சட்டையை ஹேங்கரில் மாட்டிக் கதவைச் சாத்தினால், கதவு சாத்தவில்லை. ஹேங்கரே 42, 43 இருக்கிறது. அதன்மேல் சட்டைத் தோள். குறுக்குக் கம்பியில் துணி தொங்க உள்ளளவு 55-ஆவது வேண்டும். தரையில் ஒட்டிய காகிதம் இதைச் சொல்லாது, கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதையும் சொல்லாது. கடைசியில் கம்பியைக் கழற்றிவிட்டுத் தட்டுகள் போட்டுக்கொண்டோம். தொங்கவிட வேண்டிய துணிகளுக்குக் கதவுக்குப் பின்னால் நான்கு கொக்கி.

கொக்கி பற்றி நிறையச் சொல்லலாம். நள்ளிரவில் குளியலறையிலிருந்து தடாலென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு, திருடனோ என்று அசையாமல் படுத்திருந்தோம். போய்ப் பார்த்தால் ஒட்டுக் கொக்கி, அதில் தொங்கிய கூடை, கூடையில் இருந்த நான்கு பாட்டில், எல்லாம் தரையில். ஒட்டிய உடனேயே பாரத்தை மாட்டியதுதான் காரணம். போதாததற்குச் சுவர் ஓட்டின்மேல் சோப்புப் படலமும் இருந்தது, அதைத் தண்ணீரால் துடைத்தால் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்துக் காயவிட வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். இரண்டாவது தடவை அப்படிச் செய்தேன். நான்கு வருடமாக அதே கொக்கி, அதே ஓடு. ஆனால் வண்ணம் பூசிய சுவரில் இவற்றின் குணம் வேறு. புதுப் பூச்சுச் சுவரில் ஒட்டவே கூடாது. எடுக்கும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நான் நம் பக்கமாக வெடுக்கென்று பிடுங்கினேன், கையகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு படம் மாட்டியிருக்கிறது. வந்தவர்கள் ரசனையோடு இடம் தேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

எதைத் திரும்ப வாங்குவாய் என்று கேட்டால், சுவரோடு மடங்கும் மேசையைத்தான் முதலில் சொல்வேன். விரித்தால் 75 சென்டிமீட்டர் உயரத்தில் முழு மேசை, மடித்தால் ஒரு சாண் பலகை. இதிலும் ஒரு கண்டம் வந்தது. மாட்டிய ஆறாவது வாரம் ஒரு பக்கம் தொங்கியது. கழற்றிப் பார்த்தபோது திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் முக்கால்வாசி சிமென்ட் பூச்சுக்குள்ளேயே நின்றிருந்தது, செங்கல்லைத் தொட்டதோ இல்லையோ. பூச்சு பாரம் தாங்காது. நீளமான பிளக், நீளமான திருகு போட்டு மாட்டியபிறகு அதன்மேல் சாய்ந்து நின்றுகூடப் பேசுகிறோம்.

சரி, தினமும் மடிக்கிறீர்களா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் முதல் வருடம் மடிக்கவில்லை. மடிக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதை எல்லாம் எங்கேயாவது வைக்க வேண்டுமே. பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், மூடியில்லாத ஒரு தட்டு அடித்தோம். மடிக்கணினி, சார்ஜர், நோட்டு மூன்றையும் அப்படியே அதில் தள்ளிவிட்டு மேசையை மடித்துவிடலாம். அதன் பிறகு மடிக்காத நாள் அபூர்வம். மேசை மடங்கும் சத்தம் கேட்டால், "வேலை முடிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்பார்.

சமையலறையில் நான் ஒரு காலத்தில் பைத்தியமாக இருந்தேன். ஒரே அளவில் இருபத்து நான்கு டப்பா, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. படம் எடுத்தால் பத்திரிகையில் வருவது மாதிரி இருக்கும். வாங்கும் பொட்டலத்தின் அளவும் டப்பாவின் அளவும் ஒருநாளும் பொருந்தவில்லை. மிச்சம் பொட்டலத்திலேயே நிற்க, டப்பா, பொட்டலம் இரண்டுக்கும் இடம் தேட வேண்டியதாயிற்று. சித்தி வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ டப்பா எதுக்குடி? இதை வைக்கவே இன்னொரு வீடு வேணும் போல" என்றாள். பெயர்ச் சீட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை.

எனக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை என்பதில் ஒரு ஆறுதல். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். இன்றைய சமையலறைகளுக்கெல்லாம் பாட்டி அதுதான். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம், கை எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு அமைத்தது. மளிகைச் சாமானுக்கு வரிசையாக அலுமினிய இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் இன்னதற்கு என்று பெயர். குடிவந்தவர்கள் பலர் அந்தப் பெயர்களைப் பொருட்படுத்தாமல், இழுப்பறைகளில் வேறு எதை எதையோ போட்டு வைத்துக்கொண்டார்கள். அது ஒருவர் மட்டும் நின்று வேலை செய்வதற்காக வடிவமைத்த அறை என்பதையும் படித்தபோது என் சமையலறையை நினைத்துக்கொண்டேன்.

தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி பார்ட்டிக்கிள் போர்டு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே லேமினேட் இருக்கும்வரை ராஜா. ஓரத்துப் பட்டை ஓர் அங்குலம் உரிந்தால் போதும், அந்த வழியாக ஈரம் ஏறி ரொட்டி மாதிரி ஊதிவிடும். ஊதியது திரும்ப வற்றாது. எங்களுடையது இரண்டாம் வருடமே ஊதிற்று, அதன் இடத்தில் இப்போது இரும்புக் கம்பி ரேக். அதே பலகையில் செய்த புத்தக அலமாரி காய்ந்த அறையில் இருப்பதால் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கீல் திருகு தளர்ந்தால் மட்டும், துளைக்குள் மரப்பசை தடவிய பல்குத்திக் குச்சிகளை நுழைத்து ஒடித்து, காய்ந்ததும் மறுபடி முடுக்குகிறேன். உயரமான அலமாரியைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள், குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் யோசிக்கவே வேண்டாம்.

அலங்காரம் என்று பார்த்தால், நாங்கள் செய்ததில் வீட்டையே மாற்றியது விளக்கு. நடுக்கூடத்தில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்றுதான் இருந்தது (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). எல்லாச் சாமானும் எல்லா மூலையும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். அதை அணைத்துவிட்டு 2700 கெல்வினில் மூன்று சின்ன விளக்குகளை வெவ்வேறு உயரத்தில் வைத்தோம். மூலைகள் இருட்டில் போனதும் அறை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, பெரிதாகத் தோன்றுகிறது. மேசைக்கு மட்டும் 4000. நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு 90-க்கு மேல் இருக்கிறதா என்று உறையில் பார்த்து வாங்கினேன். மலிவு விளக்கில் சிவப்பு எல்லாம் செம்மண்ணாகத் தெரியும்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலுக்கு மேல் ஒரு அடி ஏற்றி, இரண்டு பக்கமும் நீட்டி மாட்டியதும் நல்ல பலன். விலக்கினால் துணி கண்ணாடியை விட்டுச் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது, வெளிச்சம் முழுதாக வரும். ஆளுயரக் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரெதிரே வை, வீடு இரண்டு மடங்காகத் தெரியும் என்றார்கள். வைத்தோம். எதிர்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இரண்டு மடங்காகத் தெரிந்தது. பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் வானம் கிடைத்தது.

திறந்த தட்டு, அழகு, தூசி. அவ்வளவுதான் அதைப் பற்றி. செடிகள் இரண்டில் ஒன்று பிழைத்தது.

வாசல் பக்கத்தில் சாவிக்கென்று வைத்த கிண்ணம்தான் இருப்பதிலேயே சின்ன ஏற்பாடு. உள்ளே வரும்போதே போட்டுவிடலாம், ஒரே அசைவு. முன்பு காலையில் சாவி தேடித் தேடி நாங்கள் போட்ட சண்டையை இப்போது வேறு விஷயங்களுக்குப் போடுகிறோம்.

கட்டிலுக்குப் புதுத் தண்டுகள் ஜோடியாக வந்துவிட்டன. இந்தத் தடவை மெத்தையை எடைபோட்டு, எண்ணைச் சரிபார்த்துத்தான் சொல்லி வாங்கினேன். மாட்டுவதற்கு மெத்தையை இறக்கி, பலகையைக் கழற்றி, இருவர் பிடித்துக்கொண்டு, எப்படியும் ஏழெட்டு அசைவு ஆகும். வந்து மூன்று வாரம் ஆகிறது. பெட்டி பிரிக்காமல் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது.